போலந்து பிளம்பரும் இத்தாலியக் கடற்கரைக் குடையும்: ஐரோப்பாவின் சேவைச் சந்தை, ஓர் எளிய விளக்கம்

ஸ்பெயினில் பறித்த தக்காளி லாரியில் ஏறி, பிரான்ஸைக் கடந்து, ஜெர்மனியில் ஒரு கடைத் தட்டில் வந்து உட்காரும்வரை அதற்கு எந்த எல்லையிலும் சுங்க வரி கிடையாது. ஸ்பெயினில் விற்கத் தகுந்த தக்காளி என்றால் ஜெர்மனியிலும் விற்கலாம், அவ்வளவுதான்.

தக்காளிக்குப் பதிலாக ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். 1990களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு கட்டடக் கலைஞர், ஒரு கட்டடத்துக்குத் தரை போட எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த டச்சு நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டார். உள்ளூர் ஆட்கள் கேட்டதில் ஏறக்குறையப் பாதி விலைக்கு அவர்கள் செய்து தந்தார்கள். நெதர்லாந்தில் முறைப்படி தொழில் நடத்துகிறவர்கள்தான் அவர்கள். அப்புறம் கட்டடக் கலைஞருக்கு நோட்டீஸ் வந்தது: 2,000 மார்க் அபராதம். ஜெர்மனியின் கைத்தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களிடம் வேலையைக் கொடுத்தாராம். அதுதான் குற்றம். அபராதத்துக்கும் தரையின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் விடவில்லை. ஹைன்ஸ்பெர்க் ஊர் நீதிமன்றத்திலிருந்து வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பதிவேடு வைத்துக்கொள்வது ஜெர்மனியின் விருப்பம். ஆனால் சொந்த நாட்டில் ஒழுங்காகத் தொழில் செய்கிற ஒருவர் தற்காலிகமாக வந்து வேலை செய்வதை அந்தப் பதிவு தாமதப்படுத்தவோ சிக்கலாக்கவோ கூடாது, அதற்காக அவர் கூடுதல் செலவு செய்யும்படியும் வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

ஒரு தரைக்கு இவ்வளவு பாடு. 'ஐரோப்பாவில் எல்லை தாண்டிய சேவைச் சந்தையைத் திறப்பது' என்று செய்திகளில் வரும் பெரிய வாசகத்தின் உள்ளே இருப்பது இந்த மாதிரித் தகராறுகள்தான்.

முடி வெட்டுவது, குழாய் பழுது பார்ப்பது, வீட்டு வரைபடம் போடுவது, வழக்காடுவது, கணக்கு எழுதுவது, சுற்றுலா காட்டுவது, மென்பொருள் எழுதுவது எல்லாமே சேவைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்தப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு இதுதான். ஆனால் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரத்தைப் பார்த்தால், பெரும்பங்கு சரக்குக்குப் போகிறது. சரக்கு, ஆள், சேவை, பணம் ஆகிய நான்கும் நாடுகளுக்கு இடையே தாராளமாகப் போய்வர வேண்டும் என்று 1957இல் ரோம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். நான்கில் பின்தங்கிய பிள்ளை சேவை.

காரணம் எளிது. சரக்கு ஒரு இடத்தில் செய்து முடிக்கப்பட்டு, பிறகு பயணம் போகிறது. சேவை பெரும்பாலும் செய்கிற ஆளோடு சேர்ந்தே பயணம் போகிறது. அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு வாலும் போகிறது: எங்கே படித்தார், யார் சான்றிதழ் கொடுத்தார்கள், என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, விபத்து நடந்தால் எந்தக் காப்பீடு, வேலை சொதப்பினால் யார்மீது வழக்குப் போடுவது. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் உண்டு. ஆகவே சேவைச் சந்தையைத் திறப்பது என்றால் எல்லையில் ஒரு தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவது மாதிரி நினைக்க வேண்டாம். அங்கே கட்டையே இல்லை. போலந்துக்காரர் பிரான்ஸில் வேலை செய்தால் போலந்துச் சட்டமா, பிரெஞ்சுச் சட்டமா என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். போலந்து பிளம்பர் பிரான்ஸுக்குப் போய் ஒரு பிரெஞ்சு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தால் அவர் தொழிலாளி. லில் நகரத்தில் நிரந்தரமாகக் கடை போட்டால் அதற்கு 'நிலைகொள்ளல்' என்று தனிப் பெயர், தனிப் பிரிவு. போலந்திலேயே தொழிலை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் லில்லில் ஒரு குளியலறை வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பினால்தான் அது எல்லை தாண்டிய சேவை. ஆள் ஒருவர்தான், மூன்று விதமாகப் போனால் மூன்று விதமான சட்டம்.

சேவை கொடுப்பவர்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. வாடிக்கையாளர் போகலாம். லக்சம்பர்க்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தன் மகளின் பற்களைச் சீர்செய்ய எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் டிரியர் நகரத்து மருத்துவரிடம் போக விரும்பினார். முன் அனுமதி தர மாட்டோம் என்றது அவர் நாட்டு மருத்துவக் காப்பீடு. 1998இல் அவர் ஜெயித்தார். நோயாளி எல்லை தாண்டி வைத்தியம் பார்த்துக்கொள்வது பற்றி 2011இல் ஒன்றியம் தனிச் சட்டமே போட்டது. இன்னொரு வழி, யாரும் போகாமல் சேவை மட்டும் கம்பி வழியாகப் போவது. இதில்தான் சாதாரண மக்கள் கண்ணுக்குத் தெரிந்த வெற்றி கிடைத்தது: 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் பயணம் போகிறவர்களுக்கு ரோமிங் கட்டணம் போயிற்று.

ஆனால் சண்டை நடந்தது ஆள் போகிற வழியில்தான்.

ஆரம்பத்தில் நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காகத் தடைகளை உடைத்துக்கொண்டிருந்தது. 1974இல் ஒரு டச்சு வழக்கு. கட்சிக்காரருக்காக வாதாடிக்கொண்டிருந்தவர் நடுவில் பெல்ஜியத்துக்குக் குடி போய்விட்டார். நெதர்லாந்தில் வசிப்பவர்தான் இந்த மன்றத்தில் வாதாடலாம் என்று தடுத்தார்கள். வேறு ஊரில் குடியிருக்கிறார் என்பதற்காக ஒருவரைச் சேவை செய்ய விடாமல் தடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கு வழக்காகப் போனால் ஒரு தொழிலுக்கு ஒரு பத்தாண்டு ஆகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம் போடலாமே என்று, ஒன்றியத்தின் சட்ட வரைவுகளை எழுதும் ஐரோப்பிய ஆணையத்தில் யோசித்தார்கள்.

யோசித்தவர்களின் தலைவர் பிரிட்ஸ் போல்கஸ்டைன். நெதர்லாந்தின் தாராளவாதக் கட்சிக்காரர், அப்போது ஆணையத்தில் உள்சந்தைப் பொறுப்பு வகித்தவர். 2004 ஜனவரியில் அவர் கொண்டுவந்த வரைவில் ஒரு கொள்கை இருந்தது: புறப்பட்ட நாட்டின் சட்டமே செல்லும். சுலோவாக்கியாவில் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் பெல்ஜியத்தில் வந்து சேவை செய்தால், சில விதிவிலக்குகள் தவிர, சுலோவாக்கியச் சட்டப்படி நடந்தால் போதும். தக்காளிக்குச் சொன்னதையே கொத்தனாருக்கும் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் அழகான யோசனை.

நேரம்தான் சரியில்லை. அதே ஆண்டு மே 1 அன்று பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன, அவற்றில் எட்டு பழைய கம்யூனிச நாடுகள். அங்கே கூலி மேற்கைவிட மிகக் குறைவு. 2005 மார்ச்சில் பிரெஞ்சு அரசியல்வாதி பிலிப் டு வில்லியே, போலந்து பிளம்பர் போலந்துச் சம்பளத்துக்கு வந்து நம் ஊரில் வேலை செய்யப் போகிறார் என்று எச்சரித்தார். 'போலந்து பிளம்பர்' என்ற உருவம் அந்த வசந்தம் முழுக்க பிரான்ஸில் சுற்றியது. போல்கஸ்டைன் சும்மா இருந்திருக்கலாம். வட பிரான்ஸில் தனக்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே பிளம்பர் கிடைப்பதே கஷ்டம், போலந்துக்காரர் வந்தால் சந்தோஷம்தான் என்று பேசிவிட்டார். கோபமடைந்த மின் ஊழியர்கள் சிலர் அந்த வீட்டுக்குப் போய் கரண்டைத் துண்டித்தார்கள். மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனம் பற்றிய பொது வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்கள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றார்கள். பிளம்பர் ஒருவரே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரச்சாரத்தில் அவர் இல்லாத நாள் கிடையாது.

போலந்தின் சுற்றுலா அலுவலகம் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். கையில் குழாய்க் கருவிகளோடு ஒரு அழகான இளைஞர் படத்தைப் போட்டு பிரெஞ்சில் விளம்பரம் செய்தார்கள்: நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் கூட்டமாக வாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்குப் போகிற நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று 1996லேயே ஒரு சட்டம் இருந்தது. போல்கஸ்டைன் வரைவும் அதைத் தொடவில்லை. ஆக, போலந்துச் சம்பளத்துக்கு வருவார்கள் என்ற பயம் பாதி தவறு. மீதிப் பாதி சரி. சொந்தமாகத் தொழில் செய்யும் தனி ஆளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வந்திருப்பவர்களைச் சோதிக்கும் அதிகாரத்தில் சிலவற்றையும் வரைவு வெட்டியிருந்தது. சட்டம் இருந்தாலும் பார்க்க ஆள் இல்லையென்றால் என்ன பிரயோசனம் என்று தொழிற்சங்கங்கள் கேட்டது நியாயம்.

கடைசியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரைவைப் பிரித்துத் தைத்தது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் எவெலின் கெப்ஹார்ட் முன்னின்று செய்த வேலை அது. 2006 பிப்ரவரி 16 அன்று 391க்கு 213 என்ற கணக்கில் நிறைவேறியது, டிசம்பரில் சட்டமானது. 'புறப்பட்ட நாட்டின் சட்டம்' என்ற சொற்கள் காணாமல் போயின. அந்த இடத்தில் வந்தது இது: வருகிறவரைத் தாராளமாகச் செய்ய விட வேண்டும், பொது ஒழுங்கு, பாதுகாப்பு, மக்கள் உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகிய நான்கு காரணங்களுக்காக மட்டும் உள்ளூர் நிபந்தனை போடலாம், அந்த நிபந்தனையும் வெளிநாட்டார் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது, உண்மையில் தேவையானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. தொழிலாளர் சட்டத்தை இது தொடாது என்றும் எழுதினார்கள். மருத்துவம், போக்குவரத்து, வங்கி, தொலைத்தொடர்பு, சூதாட்டம், தனியார் காவல், ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் தொழில் என்று ஒரு பெரிய பட்டியலையும் வெளியே வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் மிச்சம் என்ன? கொஞ்சம் உண்டு. ஊரில் புதிதாக ஒருவருக்கு உரிமம் தரலாமா என்று தீர்மானிக்கும் குழுவில் ஏற்கெனவே அதே தொழில் செய்பவர்கள் உட்கார்ந்திருந்த வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. அது தடை செய்யப்பட்டது. இன்னொரு கடைக்கு ஊரில் தேவை இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டு என்று கேட்பதும் தடையானது. எல்லாப் படிவத்தையும் ஒரே இணைய வாசலில் முடிக்கும் வசதியை 2009 டிசம்பர் 28க்குள் செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வாசல்கள் வந்தன, சில நாடுகளில் வாசல் மட்டும்தான் வந்தது, உள்ளே போனால் உள்ளூர் மொழியில் ஒரு பக்கமும் ஒரு தொலைபேசி எண்ணும்.

கூலிச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் வாக்ஸ்ஹோம் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையை லாவல் என்ற லாட்வியா நிறுவனத்தின் கிளை எடுத்தது. லாட்வியத் தலைநகர் ரீகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, மணிக்கு 145 குரோனர் கொடு என்றது சுவீடனின் கட்டடத் தொழிலாளர் சங்கம். லாவல் மறுத்தது. 2004 நவம்பரில் சங்கம் வேலையிடத்தை முற்றுகையிட்டது, மின் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது, வேலை நின்றது, கிளை நிறுவனம் திவாலானது.

சுவீடனில் ஒரு விசேஷம். அங்கே குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டத்தில் எந்த எண்ணும் கிடையாது. சங்கமும் முதலாளியும் உட்கார்ந்து பேசுவதுதான் ஊதியம். 1996 சட்டமோ குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடு என்றது. எந்த எண்ணை? 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே எவ்வளவு என்று தெரியாத ஊதியத்துக்காக வெளிநாட்டு நிறுவனத்தை இப்படி முற்றுகையிடுவது சேவைச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று முடிவு செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, அடுத்த வரியில் அதைக் கட்டிப்போட்ட தீர்ப்பு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். வடக்கு நாடுகளின் சங்கங்களுக்கு இன்றும் இது ஆறாத புண்.

2018இல் அந்த 1996 சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது குறைந்தபட்சம் போதாது. படிகள் உட்பட உள்ளூர்த் தொழிலாளிக்கு விதிப்படி என்ன ஊதியமோ அதைக் கொடுக்க வேண்டும். 12 மாதம், மிஞ்சினால் 18 மாதம் தாண்டினால் உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் ஏறக்குறைய முழுதாகப் பொருந்தும். போலந்தும் ஹங்கேரியும் எதிர்த்து வழக்குப் போட்டு 2020இல் தோற்றன. ஊதிய விஷயத்தில், 'யாருடைய சட்டம்' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது: வேலை நடக்கிற நாட்டின் சட்டம்.

சரி, லில்லில் குளியலறை வேலைக்குப் போகிற நம் பிளம்பரின் இன்றைய நிலை என்ன? அவரிடம் இரண்டு உதவியாளர்கள் இருந்தால், புறப்படும் முன் பிரெஞ்சு அரசின் இணையதளத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பதிய வேண்டும். சொந்த நாட்டில்தான் சமூகக் காப்பீட்டுப் பணம் கட்டுகிறோம் என்பதற்கான சான்று வேண்டும். கட்டட வேலை என்றால் அடையாள அட்டை. சம்பளச் சீட்டு பிரெஞ்சில். சோதனைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல பிரான்ஸில் ஒரு பிரதிநிதி. இவற்றைவிடக் கடினமானது, கட்டடப் பழுதுக்கு வேலை செய்தவரே பத்தாண்டு பொறுப்பு என்கிற பிரெஞ்சு விதி. அதற்குக் காப்பீடு கட்டாயம். அந்தப் பத்தாண்டுக் காப்பீட்டைப் போலந்தில் விற்பார் இல்லை. பிரெஞ்சு நிறுவனங்களுக்கோ முகம் தெரியாத ஆளிடம் ஆர்வம் குறைவு. சட்டம் யாரையும் 'வராதே' என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் பெல்ஜியத்தில் வேலை கிடைத்தால் அங்கே லிமோசா என்ற வேறு பதிவு, வேறு படிவம்.

இதையெல்லாம் ஒரே மின்னணு அட்டையாக்கலாம் என்று 2017இல் ஆணையம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பின்வாசல் வழியாகப் பழைய போல்கஸ்டைன் வரைவே வருகிறது என்று சந்தேகப்பட்டார்கள். 2018இல் நாடாளுமன்றக் குழு அதைத் தூக்கிப் போட்டது. 2024 நவம்பரில் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே பதிவுப் படிவத்தை ஆணையம் முன்வைத்தது. விருப்பமுள்ள நாடுகள் மட்டும் சேரலாம்.

தடைகள் ஒரே திசையில் குறைந்துகொண்டே போவதும் இல்லை. ஜெர்மனியில் சொந்தமாகக் கைத்தொழில் நடத்த மைஸ்டர் பட்டம் கேட்பார்கள், அதற்கு நான்கு பகுதித் தேர்வு உண்டு. (நம் மேஸ்திரியும் இந்த மைஸ்டரும் தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். நம்மிடம் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது.) 2004இல் ஜெர்மனி, மைஸ்டர் கட்டாயமான தொழில்களை 94இலிருந்து 41ஆகக் குறைத்தது. டைல்ஸ் ஒட்டும் வேலையும் விடுபட்டது, தனி ஆள் கடைகள் பெருகின. தரம் போயிற்று, பயிற்சி கொடுப்பார் இல்லை என்று புகார் கிளம்பியது. 2020இல் டைல்ஸ் உட்பட 12 தொழில்களுக்குப் பழைய கட்டாயம் திரும்பி வந்தது. சந்தைக்காரர்கள் இதைப் பின்னடைவு என்பார்கள். சுவரிலிருந்து டைல்ஸ் உதிர்ந்த வீட்டுக்காரர் வேறு மாதிரிச் சொல்வார்.

மருத்துவர், செவிலியர், மகப்பேறு தாதி, பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்கு மட்டும் ஒரு நாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு தானாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பெரும்பாலும் ஒவ்வொருவராக மனுப் போட வேண்டியதுதான்.

உள்ளே இவ்வளவு தடைகள் இருப்பதால் ஒன்றியம் சேவைகள்மீது தனக்குத்தானே 110 விழுக்காடு சுங்க வரி போட்டுக்கொண்ட மாதிரி ஆகிறது என்று பன்னாட்டு நாணய நிதியம் 2024இல் மதிப்பிட்டது. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ திராகியும் இந்த எண்ணை எடுத்துப் பேச, அது எங்கும் பரவிவிட்டது. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வியாபாரம் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்து அதை வரியாக மாற்றிச் சொல்லும் கணக்கு இது. கிரேக்கர் தன் வரிக் கணக்குக்கு பின்லாந்துக்காரரைத் தேடிப் போகாததற்குப் படிவம் மட்டுமா காரணம்? மொழி இருக்கிறது, தெரிந்த ஆள் என்ற நம்பிக்கை இருக்கிறது. எந்த ஆணையத்தாலும் அவற்றை நீக்க முடியாது.

கடைசியாக ஒரு வேடிக்கை. பிரான்ஸில் போல்கஸ்டைன் என்றால் பிளம்பர். இத்தாலியில் கேட்டால் கடற்கரை என்பார்கள். கடற்கரை அரசு நிலம். அதில் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு வாடகை வாங்கும் உரிமை தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்களிடம் இருக்கிறது. 2006 சட்டத்தின் ஒரு பிரிவு, இருப்பு குறைவான இயற்கை வளத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் போட்டி வைத்துத்தான் தர வேண்டும், தானாகப் புதுப்பிக்கக் கூடாது என்கிறது. பிளம்பருக்காகச் சண்டை போட்ட காலத்தில் வெளியே அதிகம் பேசப்படாத பிரிவு அது. 2016இல் ஐரோப்பிய நீதிமன்றமே இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது; அதன் பிறகும் இத்தாலிய அரசுகள் பழைய உரிமங்களை நீட்டித்தன. 2024 ஆகஸ்ட் 9 காலை, உச்சக் கோடையில், குத்தகைக்காரர்களில் ஒரு பகுதியினர் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல் போராட்டம் நடத்தினார்கள். அடுத்த மாதம் அரசு பழைய குத்தகைகளை 2027 செப்டம்பர்வரை நீட்டித்து, அதற்குள் ஏலம் விட வேண்டும் என்றது. போல்கஸ்டைன் 2025 பிப்ரவரியில், 91 வயதில், ஆம்ஸ்டர்டாமில் காலமானார். ஏலத்தைத் தொடங்குவதற்கான கெடு 2027 ஜூன்.